கடைசி எழுத்து வரை

ராத்திரி ஒன்றே முக்காலுக்கு வந்தது கடிதம்.
"உங்கள் நூலகத்தில் 212ஆம் வரி
அவசரப்படுகிறது."
அவ்வளவுதான். கீழே ஒரு வரைபடம்,
நானோ நொடிகளில் ஏறும் படிக்கட்டு.
பெயர் இல்லை. ஊர் இல்லை.

"தாழ்" என்று பேர் வைத்தது நான்தான்.
ஏழு வருஷத்துக்கு முன், வியாசர்பாடியில்,
மழைத்தண்ணி சுரங்கப்பாதையை முழுங்கி
வேலைக்குப் போக முடியாத மூன்று நாளில்
எழுதத் தொடங்கியது.
யாரும் எடுக்கலாம், பிரித்துப் போட்டுப் பார்க்கலாம்,
பூட்டின் வயிறு ஊருக்கே தெரியலாம்,
சாவி மட்டும் தெரியக்கூடாது.
யார் யார் எடுத்தார்கள் என்று எனக்கே முழுசாகத் தெரியாது.
ஒரு மருந்துக்கடைச் செயலி. ஒரு சீட்டுக் கம்பெனி.
வாயில் நுழையாத பேருள்ள ஊரில்
ஏதோ தண்ணீர் மீட்டர்.
"உத்தரவாதம் எதுவும் கிடையாது" என்று
உரிமத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறேன்.
அதை யார் படிக்கிறார்கள்.

212ஐத் திறந்தேன்.
வந்த முத்திரையும் இருக்கிற முத்திரையும் ஒன்றா என்று
எழுத்தெழுத்தாகப் பார்க்கும் இடம்.
முதல் எழுத்து பிசகினால் அங்கேயே நின்று
இல்லை என்று சொல்லிவிடும்.
கெட்டிக்காரத்தனம் என்று அன்று நினைத்தேன்.
தப்பு என்று தெரிந்த பிறகு
மிச்சத்தை எதற்குப் பார்ப்பது?

கீழ்வீட்டு எத்திராஜ் டிரெய்லர் ஓட்டுகிறார்.
ஹார்பர் கேட்டில் ராப்பகலாக நிற்கிற வண்டி.
"பாஸை வாங்கினதும் தூக்கிக் கடாசினான்னா
முதல் நம்பரே தப்பு.
கொஞ்ச நேரம் விரலை வெச்சுத் தேடினான்னு வெய்யி,
கடைசில எங்கியோ ஒண்ணுதான் இடிக்குது.
வாயைத் தொறந்து அவன் இன்னாத்துக்கு சொல்லணும்?"
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
தண்ணி லாரிக்குக் குடம் வைக்கப் போய்விட்டார்.
அது போன வாரம். எனக்கு உறைக்கவில்லை.

அப்படித்தான் கசிந்திருக்கிறது.
மறுப்பு வந்து சேரும் நேரத்தை அளந்து அளந்து
முதல் எழுத்து, அடுத்தது, அதற்கடுத்தது என்று
ஒருவன் முழுச் சாவியும் அறுத்துக்கொள்ளலாம்.
நான் பொய் எதுவும் எழுதவில்லை.
வெறும் அவசரம்.

ரெண்டு பஸ் மாறிப் போன ஒரு நேர்காணல்.
தெற்கே, கண்ணாடிக் கட்டிடம்.
என் காகிதத்தைக் கையில் எடுத்தார்.
பெயர். அதற்குக் கீழே முகவரி.
கண் அந்த வரியைத் தாண்டவில்லை.
"ஓ, வியாசர்பாடியா?"
ஒரு சின்னச் சிரிப்பு.
"சொல்லி அனுப்புறோம்."
நாலு நிமிஷம்.
நான் செய்ததெல்லாம் இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

திருத்தம் பதினோரு வரி.
முதல் எழுத்து தப்பா, நிற்காதே.
இரண்டாவதைப் பார். முப்பத்திரண்டும் பார்.
வேற்றுமையை ஒரு ஓரத்தில் சேர்த்துக்கொண்டே போ,
முகத்தில் காட்டாதே.
முடித்த பிறகு ஒரே ஒரு தடவை சொல்.
சரிக்கு ஆகிற நேரம்தான் தப்புக்கும்.

கம்பைலர் ஒத்துக்கொள்ளவில்லை.
விடை தெரிந்த பின் இதெல்லாம் வெட்டி வேலை என்று
சுருக்கிப் பழைய மாதிரியே ஆக்கப் பார்த்தது.
அதை ஏமாற்ற இன்னும் இரண்டு வரி.

பத்து லட்சம் தடவை ஓட விட்டேன்.
கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டி ஒன்று
முடியாமல் போய்க்கொண்டே இருந்தது.
படிக்கட்டு உட்கார்ந்து தரையானது.
"பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் உடனே மாற்றவும்.
பிழை என்னுடையது. கே. மரகதவல்லி" என்று எழுதி
வெளியே விட்டபோது மணி நாலரை.

ஆறு மணிக்குப் பதில் வந்தது,
அதே பெயரில்லாத ஆளிடமிருந்து.
"நன்று. 1187ஐயும் ஒருமுறை பாருங்கள்."

1187 கடைசிக்கு முந்தின வரி.
அதுவரைக்கும் ஒருத்தர்
படித்திருக்கிறார்.