எண்பதில் நாற்பத்தைந்து

எண்பது டிகிரி திரும்ப வேண்டும் கழுத்து.
லுல்யெட்டா பிரெங்காவுக்கு
வலப்பக்கம் நாற்பத்தைந்தில் நின்றுவிடுகிறது.
ஜியாமெட்ரி பாக்ஸில் கிடக்குமே பாகைமானி,
அதற்கு அக்காள் மாதிரி ஒரு கருவி;
அதை வைத்துத்தான் அளந்தார் டாக்டர் பாப்கின்.

பிராங்ஸில், பள்ளிப் பேருந்தில் உதவியாள் வேலை.
முன்னால் பார்ப்பது ஓட்டுநர் பாடு.
இவளுக்குச் சம்பளமே திரும்பிப் பார்ப்பதற்கு:
பெல்ட்டை அவிழ்ப்பவன், தூங்கிச் சரிபவள்,
பென்சிலால் குத்துகிறவன்.
ஒரு மார்ச் காலை, சிவப்பு விளக்கில்,
பின்னாலிருந்து சிமெண்ட் லாரி.
பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை.
இடித்தபோதும் அவள்
திரும்பிக்கொண்டுதான் இருந்தாள்.

"வலிக்கிறது" என்பது இங்கே செல்லாக்காசு.
வட்டு பிதுங்கிய எம்.ஆர்.ஐ. படமும் தனியாகப் போதாது.
எத்தனை டிகிரி, எதை வைத்து, எந்தத் தேதியில்?
இன்சூரன்ஸ் கம்பெனியின் டாக்டர்
நான்கு நிமிடம் பார்த்துவிட்டு
எல்லாம் சரி என்று எழுதினார்.
அடியில் சத்திய வாக்கியம் இருந்தது.
எங்கள் பாப்கின் பதினொரு பக்கம் எழுதினார்,
அந்த ஒரு வரியை மறந்தார்.
சத்தியம் இல்லாவிட்டால் பதினொரு பக்கமும்
பொட்டலம் மடிக்கத்தான்.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச்
சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள்.
வாய்தாவுக்கு முந்தின நாள், மழையில்,
ஃபோர்டாம் சாலை கிளினிக்கில்
சாட்சிக்காரன் காலில்தான் கிடந்தேன் நான்.
ஒரே ஒரு வரி, டாக்டர்.
பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்று.
சாண்ட்விச்சைக் கீழே வைக்காமல் கையெழுத்திட்டார்.
மூலையில் கடுகுக் கறை.
அப்படியே தாக்கல் செய்தேன்.

ஏழு மாதம் சிகிச்சைக்குப் போகவில்லையே, ஏன்?
கேட்டது எதிர்த்தரப்பு.
பணத்தை நிறுத்தியதும் அதே எதிர்த்தரப்பு.
பிரமாணப் பத்திரத்தில் ஒன்பதாம் பத்தி,
கோபம் தெரியாமல் தட்டச்சு செய்ய
மூன்று முறை அழிக்க வேண்டியிருந்தது.

நீதிபதி அவளைப் பார்க்கவே இல்லை.
தாள்கள் போயின, ஒரு தாள் திரும்பி வந்தது:
விசாரிக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

"ஜெயித்துவிட்டோமா?"
"இல்லை. நீங்கள் ஒரு கேள்வி என்று
ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்."
அவள் அதைத் தன் மொழியில் ஒருமுறை
சொல்லிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது.

கதவருகே போனபின்தான் குடையைப் பார்த்தேன்.
கூப்பிட்டேன்.
தலை அசையவில்லை.
கால், இடுப்பு, தோள், ஈரக் கோட்டு
எல்லாம் ஒன்றாய்,
குறுகலான தெருவில்
ஒரு பேருந்தைத் திருப்புவதுபோல்
மெல்லத் திரும்பினாள்.