இருபத்து மூன்று கூம்புகள்

ஐந்தரைக்கு ஆலைச் சங்கு ஊதும்போது
நான் திடலில் கூம்பு வைத்துக்கொண்டிருப்பேன்.
ஆரஞ்சு நிறம். இருபத்து நான்கு.
தொலைந்தால் என் கணக்கு
என்று எழுதி வாங்கியிருக்கிறார் கிராணி.

ஒன்பது பருவம் மாநில அணி.
இடப்பக்கத் தற்காப்பு.
முட்டி போனது ஈப்போவில், மழையில்,
பக்கத்தில் ஒருவனும் இல்லாதபோது.
சும்மா திரும்பினேன், அவ்வளவுதான்.
சொன்னால் நம்பமாட்டார்கள் என்று
ஒரு ஜொகூர்க்காரன் உதைத்தான் என்றேன்.
எங்கிருந்தாலும் அவன் நன்றாக இருக்கட்டும்.

தூக்குப்படுக்கை வரத் தாமதமானது.
பத்துமலைதான் என்னை முதுகில் சுமந்து போனான்.
வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனான்,
"சடை, எருமை மாதிரி கனக்கிறடா."
அப்போது எனக்கு முடி இருந்தது.

பிறகு மூன்று வருடம் செம்பனைக் குலை லோரி.
அப்புறம் பயிற்றுநர் உரிமத் தேர்வு.
அறை முழுக்கப் பள்ளி ஆசிரியர்கள், மடிக்கணினிகள்.
கேள்வி நான்கு, மலாயில்:
இடப்பக்கத் தற்காப்பாளர் எப்போது முன்னேற வேண்டும்?
அரைப் பக்கம் எழுதினேன்.
பத்துக்கு நான்கு.
காலுக்குத் தெரிந்தது
கைக்கு எட்டவில்லை.

இரண்டாம் முறை தேறினேன்.
லெட்சுமணன் த/பெ வீரபுத்திரன்,
துணைப் பயிற்றுநர், பீடோர் ஆலை அணி.
துணை என்றால் வாளி, பனிக்கட்டி,
வியர்வை நாறும் பச்சைச் சட்டைகள் பதினாறு.
பெரியவர் கிள்ளானில் கூடச் சம்பளம் கிடைத்துப் போனார்.
விசிலை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
கழுவிவிட்டு ஊதினேன்.

கோல்காரன் ரொக்கிபுல், பரிசாலிலிருந்து வந்தவன்.
தமிழில் முதலில் கற்றது வசவு,
இரண்டாவது "என்னுது!"
பந்து வரும்போது இரண்டையும் சேர்த்தே கத்துவான்.

எனக்குத்தான் நிற்கத் தெரியவில்லை.
இடப்பக்கம் இடம் திறந்தால்
கால் தானாகக் கோட்டைத் தாண்டும்.
வெறும் சுண்ணாம்புதான் அது.
ஆனாலும் இரண்டு முறை மஞ்சள் அட்டை.
ஆடிய காலத்தில் மொத்தமே மூன்று.

வெள்ளி இரவு. மறுநாள் அரையிறுதி.
பத்துப் பெயர் எழுதிவிட்டேன்.
பத்துமலைக்கு முப்பத்தெட்டு.
முதுகுக்குப் பின்னால் பந்து போனால்
லயத்துச் சந்தில் லோரி திருப்புகிற மாதிரி
திரும்புகிறான்.
குணாளனுக்குப் பத்தொன்பது. தப்பு செய்வான்,
ஆனால் தப்பு செய்த இடத்துக்கு
ஓடிப் போய்ச் சேருவான்.

எழுதாமல் கப்சாயை எடுத்தேன்.
பத்துமலை பூட்ஸில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான்.
"தேத்தண்ணி குடிக்கிறியா?" என்றான்.
குடித்தேன்.
கொய்யா விலை பேசினோம்.
அவன் மகளுக்குப் பல் வலி, அதையும் பேசினோம்.
வழியெல்லாம் மனப்பாடம் செய்த மூன்று வாக்கியம்
சட்டைப் பையிலேயே இருந்தது.

என் காலத்தில் ஒரு மேலாளர்.
கதவில் பட்டியல் ஒட்டிவிட்டு
மீ கோரெங் தின்றுகொண்டிருந்தார்.
என் பெயர் இல்லை.
எதிரே போய் நின்றேன். தலை நிமிரவில்லை.
பதினைந்து வருடமாக அந்தத் தட்டை
மனதுக்குள் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை கதவில் ஒட்டினேன்.
ஒட்டுக்கடையில் பொட்டலம் பிரித்து உட்கார்ந்தேன்.
பூட்ஸ் சத்தம் வந்தது, நின்றது.
நெத்திலியை எண்ணினேன். ஏழு.
மறுபடி எண்ணினேன்.
அந்த மனிதருக்கும் அன்று
பசித்திருக்காது.

இரண்டுக்கு ஒன்று, ஜெயித்தோம்.
குணாளன் ஒரு தப்பு செய்தான், ஓடினான், சேர்ந்தான்.
ஓரத்திலிருந்து "பின்னால பாரு!" என்று கத்தியது
நான் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு
கூம்புகளை அடுக்கிக்கொண்டு வந்தான் பத்துமலை.
மெழுகு மின்னும் பூட்ஸ், புல்லே ஒட்டவில்லை.
என் காலடியில் வைத்தான்.

"ஒன்னு குறையுது, கோச்."

சடை என்று சொல்லவில்லை.

இருட்டும்வரை தேடினோம்,
அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.