மாதிரி நேர்காணல்

டௌகவ்பில்ஸ் தொழிற்பள்ளியில்
வியாழன்தோறும் பொய்யாய் வேலை கேட்போம்.
அண்ணன் கோட்டுக்குள்
ரைவிஸின் விரல்கள்கூடத் தெரியவில்லை.
மேலாளராக சனிட்டா.

"இந்தப் பதினான்கு மாதம் என்ன செய்தீர்கள்?"
"மீன் ஆலையில்... பிறகு அம்மாவுக்கு..."
தாளைப் பார்த்தபடியே தலையாட்டினாள்.
பேனா மூடியை ஒருமுறை திருகினாள்.
"நல்லது. சொல்லி அனுப்புகிறோம்."

கைதட்டினோம்.
அந்த அரைச் சிரிப்பு, அந்தக் குரல்,
எங்கே கற்றாய் என்றார் பயிற்சியாளர்.

"ஒன்பது இடத்தில்."

யாரோ எழுந்து சன்னலைச் சாத்தப் போனார்கள்;
அது சாத்தித்தான் இருந்தது.

ரைவிஸ் கோட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினான்:
"இந்தப் பக்கம் வந்து உட்கார்.
'திங்கட்கிழமை எட்டு மணிக்கு வாருங்கள்',
அதை எந்தக் குரலில் சொல்வார்களோ தெரியாது.
சொல்லிப் பார்க்கிறேன்."