பன்னிரண்டாவது துண்டு

செப்டம்பர் முதல் வாரம்
ஃபுல்மார் குஞ்சுகள் குன்றின் விளிம்பிலிருந்து குதிக்கும்.
கொழுத்த உடம்பு; சிறகு அந்தப் பாரம் தாங்காது.
சில நாள் கடலில் மிதந்து
பட்டினியில் இளைத்தால்தான் பறக்க வரும்.
அதற்கு முன்பே படகில் போய்
வலைக்கோலால் அள்ளிவிடுவார் ஹல்லுர்.
சாண்டோய் தீவில் எங்கள் குளிர்காலம்
இப்படித்தான் உப்பு ஜாடிக்குள் இறங்கும்.

இந்த வருடம் நாற்பத்தொன்று.
அதில் ஏழெட்டு
கையில் எடுக்கும்போதே காகிதம்.
நெஞ்செலும்பு கத்திமுனையாய்த் துருத்திக்கொண்டிருக்க
வயிறு மட்டும் கல்போல் நிறைந்து.

இறைச்சி எங்களுக்கு.
வயிறுகள் டோர்ஸ்ஹவ்ன் ஆய்வுக்கூடத்துக்கு.
பிளாஸ்டிக்கைத் தேடுகிறவர்கள்
அதைப் போட்டு அனுப்பவும்
பிளாஸ்டிக் பைதான் கொடுத்திருக்கிறார்கள்.
முதல் வருடம் சிரித்தோம்.

இதற்கு இரண்டு வயிறு.
மேலே பை, கீழே அரவை,
நடுவில் சுண்டுவிரல் நுழையாத வழி.
மீன்முள்ளையும் கணவாய் அலகையும்
மாவாக்கித் தள்ளும் அந்தச் சின்ன ஆலை
கடல் முப்பது வருடமாய் அரைத்து முடிக்காததை
இரவு பகலாய் அரைக்கிறது.
பொடி எங்கே போகிறது என்று கேட்டேன்.
ஆய்வுக்கூடத்துப் பெண் மார்யுன்
"பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றாள்.

கிட்டே போனால் துப்பும்.
நாற்ற எண்ணெய். குறி தப்பாது.
சட்டையை எரித்தாலும் வாடை போகாது.
அதே எண்ணெயைத்தான் குஞ்சுக்கும் ஊட்டும்.
பகைக்கும் பிள்ளைக்கும்
ஒரே வாய்.

நேற்று என் கத்தி வழுக்கியது.
ஒரு வயிறு கிழிந்து
தொட்டித் தண்ணீரில் பரவின
வெள்ளை மணிகள், பாதி மூடி,
பலூன் காம்பு ஒன்று,
பிறகு சுருண்ட பச்சை நூல், நடுவில் முடிச்சோடு.

ஹல்லுர் அதை எடுத்து விரலிடையே உருட்டினார்.
நகத்தால் பிரி பிரியாய் நெருடினார்.
பத்தொன்பது வருடம் இழுவைப் படகில் வலை பொத்தியவர்.
நைந்த கண்ணியை அறுப்பார்,
அறுத்ததை பூட்ஸ் காலால்
வடிகால் துளைக்குள் தள்ளுவார்.
எல்லோரும் தள்ளினார்கள்.
தளம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது
கேப்டனின் உத்தரவு.

"இடதுகைக்காரன் போட்ட முடிச்சு" என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.
அடுப்பில் உருளைக்கிழங்கு பொங்கி வழிந்தது.
எழுந்துபோய் மூடியைத் தூக்கினார்,
இடது கையால்.

சாப்பிட்டோம்.
ருசியாகத்தான் இருந்தது,
அதை எழுதாமல் விட்டால் பொய்.

ராத்திரி படிவம் நிரப்பினேன்.
பறவை எண் இருபத்தாறு. கத்தி பட்டது.
துண்டுகள்: பதினொன்று.

பன்னிரண்டாவது
ஆணியில் தொங்கிய அவர் சட்டைப் பையில் இருந்தது.
விடியலில் படகுக்குக் கிளம்பும்போது
துவைத்த சட்டையை நீட்டினேன்.
வாங்கிக் கட்டிலில் வைத்துவிட்டு
ஆணியில் இருந்ததையே போட்டுக்கொண்டார்.