கைவரிசை

சீட்டு தீர்ந்துவிட்டதாம்.
வாசலில் நின்ற பெண் மார்க்கர் பேனாவால்
என் புறங்கையில் எழுதினாள்: 43.
ஏழு மணிக்கே பாம் ஸ்பிரிங்ஸ் வெயில்
கார்க் கதவைத் தொடவிடவில்லை.
எனக்கு முன்னால் நாற்பத்திரண்டு பேர்,
பாதிப் பேர் கையில் டோனட்.

வெரிட்டி ஹேல்ஸ்ட்ரம் சாகவில்லை.
மலைக்கு அந்தப் பக்கம் ஒரு விடுதியில்
நர்ஸ் ஊட்டிவிட ஆப்பிள் கூழ் சாப்பிடுகிறாள் என்று
வரிசையில் ஒருவர் சொன்னார்.
வீட்டைக் காலி செய்வது தங்கை மகன்.
இருக்கிறவள் வீட்டில் விலை பேசுவது
இறந்தவள் வீட்டைவிடக் கூச்சம்தான்,
உள்ளே கால் வைக்கும்வரை.

குளியலறைக் கம்பியில் இரவு உடைகள், ஒன்று ஆறு டாலர்.
மூடி பொருந்தாத பிளாஸ்டிக் டப்பாக்கள், மொத்தமாக மூன்று.
கணவர் வென்ற கோல்ஃப் கோப்பைகளை
எவரும் தொடவில்லை.
படுக்கையறையில் படம் மாட்டியிருந்த இடத்தில் மட்டும்
சதுரமாக, சுவர் இளமையாக.

ஒப்பனை மேசையின் மூன்றாம் இழுப்பறை நிறையக் கையுறைகள்.
முழங்கைவரை வெள்ளை, மணிக்கட்டோடு சாம்பல்,
முத்துப் பொத்தான் வைத்தவை.
முப்பத்தோரு ஜோடி. எண்ணியது நானில்லை,
பக்கத்தில் நின்ற இளைஞன்.
அவன் சட்டையில் அவள் முகம்.
"இவள் கைகளைப் போலக் கைகள் சினிமாவில் கிடையாது.
அந்தக் கடிதத்தைக் கிழிப்பாளே, பார்த்திருக்கிறீர்களா?"

பார்த்ததில்லை.
கிழித்திருக்கிறேன்.
பதினோரு முறை, ஒரு செவ்வாய்க்கிழமை,
அவளுடைய மோதிரம் நழுவாமல்
உள்ளே நூல் சுற்றிக்கொண்டு.
காமிரா மணிக்கட்டோடு நின்றுவிடும்.
அதற்கு மேலே
இண்டியோவில் பேரீச்சம்பழம் அடுக்குகிறவர்களின் மகள்
டெலோரஸ் ஓச்சோவா
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.
நிறம் ஒத்துப்போக முழங்கைவரை பவுடர்.
நாளுக்குப் பதினெட்டு டாலர், மதியச் சாப்பாடு தனி.
கையெழுத்துப் போட்ட தாளில் ஒரே நிபந்தனை:
வாய் திறக்கக் கூடாது.

திறக்கவில்லை. இப்போதும்தான்.

ஒரே ஒரு நாள், விளக்குகளை மாற்றும் நேரம்,
அவள் கையுறையைக் கழற்றி
ஐஸ் தண்ணீரில் கையை முக்கினாள்.
பத்து வயதில் சலவைக்கூடத்து உருளையில் மாட்டிய கை.
உருகி உறைந்த மெழுகுபோலத் தோல்.
நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.
"ஓச்சோவா, நகம் கடிக்காதே" என்றாள்.
"எனக்கு இருப்பது அது ஒன்றுதான்."

இளைஞன் பேசிக்கொண்டே இருந்தான்.
சாம்பல் கையுறை ஒன்றை நானும் போட்டுப் பார்த்தேன்.
வீங்கிய கணுக்களில் தட்டி நின்றது.
"எல்லோருக்கும் பொருந்தாதும்மா" என்றான்,
அன்பாகத்தான்.
முப்பத்தொன்றையும் அவனே அள்ளிக்கொண்டான்.

நான் ஒரு வடிதட்டி எடுத்தேன், இரண்டு டாலர்.
ஒரு கால் உடைந்தது.
எதற்கு என்று கேட்டால்,
வீட்டில் வடிதட்டி இல்லை.

பணம் வாங்கியவள் "கையைக் காட்டுங்கள்" என்றாள்.
காட்டினேன்.
எண்ணை மட்டும் பார்த்தாள்.

சோப்பு போட்டும் 43 போகவில்லை.
ராத்திரி நூடுல்ஸ் வடிக்கும்போது
ஆவிக்குள் அது தெரிந்தது,
பெரிதாக, நடுவில்.
யாரும் கட் சொல்லவில்லை.