சராசரி வேகம்

இரவு ஒன்பதரைக்கு
ஒரு கதிர் அறுக்கும் இயந்திரம் என்னிடம் கேட்கிறது:
"மிஸ், சராசரி வேகம்னா
கூட்டி ரெண்டால வகுக்கணுமா?"

அது நிதர்சனா.
அப்பாவின் போன், அப்பா வைத்த டிபி.
ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவை
இரவுகளில் எனக்கு இப்படித்தான் தெரியும்.
அய்யனார் நன்றாகக் கணக்குப் போடுவார்.
கட்சிக் கொடிக்கு எழுத்துப்பிழை அதிகம்.
சிவப்பு ஆம்னி வேன்
எதைக் கேட்டாலும் கட்டைவிரலை மட்டும் காட்டும்.

குழுவின் பெயர் 'தண்ணி எங்க வருது'.
தலைமையாசிரியர் இரண்டு நிபந்தனைகள் போட்டார்:
காலை வணக்கப் பூங்கொத்து கூடாது,
ஏதாவது ஆனால் அவருக்கு எதுவும் தெரியாது.

வெண்ணாற்றங்கரையில் ஒரு பள்ளி,
நீடாமங்கலத்தில் ஒன்று, மன்னார்குடியில் ஒன்று,
பிறகு நாங்கள்,
பாமணியாற்றில் பிரிந்த வாய்க்காலில் பிரிந்த
வாய்க்காலின் கடைசி மதகுக்குப் பக்கத்தில்.

கல்லணை திறந்த அன்று சாயங்காலம்
ஊருக்கு ஒரு சவுக்குக் கம்பு நட்டார்கள்.
அக்காமாரின் நகப்பூச்சில் சென்டிமீட்டர் கோடு.
நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு
தண்ணீரின் மூக்கு கம்பைத் தொடும் நிமிடத்தில் ஒரு படம்.
படம் நொடியில் வந்தது.
தண்ணீர் நடந்து வந்தது.

நீடாமங்கலத்து ஷாஜிதா
பின்னிரவு மூன்றேகாலுக்கு, டார்ச் வெளிச்சத்தில்,
தண்ணீரைவிடத் தன் விரலைத் தெளிவாக எடுத்திருந்தாள்.
நேரம் மட்டும் துல்லியம்.

தூரத்தை நேரத்தால் வகுத்தோம்.
யோகப்பிரியன் விடையைக் கட்டம் கட்டி அனுப்பினான்:
வியாழக்கிழமை, மாலை நாலு மணி, நம்ம மதகு.

வியாழக்கிழமை நாலு மணிக்கு
முப்பத்தொரு பேர் கரைமேல் நின்றோம்.
வாய்க்காலுக்குள் ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.
நாலரை.
ஐந்து.
ஆடு எங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு
மறுபடி குனிந்தது.
பிள்ளைகள் கணக்கைத் திரும்பப் போட்டார்கள்.
கணக்கு சரியாகவே இருந்தது, அதுதான் சங்கடம்.

ஆறு மணிக்கு மேல் ஒரு வீடியோ, பதினொரு நொடி.
ஒரு கை, ஒரு இரும்புச் சக்கரம்,
கிறீச்சிட்டு இறங்கும் பலகை.
கீழே மன்னார்குடி பிரகதீஷ் எழுதியிருந்தான்:
"ஸாரி. ஷட்டர எறக்கிட்டாங்க.
எங்க வயலுக்குப் பாயுது."

அரை மணி நேரம் யாரும் எதுவும் போடவில்லை.
பிறகு அய்யனார் கேட்டார்:
"மிஸ், ஃபார்முலால ஷட்டர் எங்க வரும்?"

நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று
எல்லாத் திரையிலும் வெகுநேரம் காட்டியிருக்கும்.
எழுதினேன், அழித்தேன்.
சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி அழித்தேன்.

தண்ணீர் அடுத்த புதன்கிழமை வந்தது.
பார்த்தவன் மணிவாசகன். வீட்டில் போன் கிடையாது,
குழுவில் பெயரும் கிடையாது.
பால் சொசைட்டிக்குக் கேன் தூக்கப் போகும் வழியில்
மதகடியில் சருகு நகர்வதைப் பார்த்திருக்கிறான்.
சொசைட்டிக் கடிகாரத்தில் மணி பார்த்து,
நடந்த தூரத்துக்கு ஆறு நிமிடம் கழித்து,
பேரேட்டுப் பேனாவால் முழங்கைக்குக் கீழே
4.52 என்று எழுதிக்கொண்டு வந்தான்.
பிரேயர் முடியும்வரை அந்தக் கையை
எதிலும் படாமல் வைத்திருந்தான்.

அந்த ஆறு நிமிடத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.
கையைப் படமெடுத்துப் போட்டேன்.
நாலு பள்ளியும் கட்டைவிரல் உயர்த்தின.
ஷாஜிதா மட்டும், "யாரு கை இது?"

அன்றிரவு கதிர் அறுக்கும் இயந்திரம் மறுபடி.
இந்த முறை குரல் பதிவு,
பின்னால் புதுத்தண்ணீர்த் தவளைகள்:
"டீச்சர், நான் நிதர்சனா அப்பா.
பாடம் முடிஞ்சிருச்சுன்னு குரூப்பக் கலைச்சிராதீங்க.
நாங்களும் தெனம் படிச்சிட்டுத்தான் இருக்கோம்.
அந்தச் சக்கரத்தச் சுத்துனது யாருன்னு
அந்தத் தம்பியக் கொஞ்சம் கேட்டுச் சொல்ல முடியுமா?"

கேட்டுவிட்டேன் என்பது
நீலமாகி அவருக்குத் தெரிந்திருக்கும்.
பிரகதீஷுக்குப் பதினாலு வயது.

காலை முதல் பீரியட் 'பி' பிரிவு.
தூரம், நேரம், வேகம் என்று மூன்று கட்டம் இருந்த
அட்டவணையில்
நாலாவதாக ஒன்று போட்டிருக்கிறேன்.
தலைப்பு இன்னும் எழுதவில்லை.