ஆறு ஓட்டைகள்

வீட்டைக் காலி செய்து ஐந்து வாரம்.
கூ தவுக்கே இன்னும் "மிங்கு டெப்பான்" என்கிறார்.
எனக்குத் தெரிந்து அடுத்த வாரம் என்பது
பாலிங் சாலையில் எந்த பஸ்ஸும் நிற்காத ஓர் இடம்.

இரண்டு மாத முன்பணம் தொள்ளாயிரம்,
தண்ணி, கரண்டுக்கு இருநூற்று இருபத்தைந்து.
மொத்தம் ஆயிரத்து நூற்று இருபத்தைந்து வெள்ளி
அவருடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையில்
எந்த டின்னுக்குள்ளோ தூங்குகிறது.

சனிக்கிழமைதோறும்
மில் தராசுக் கூண்டில் வேலை முடிந்து
செம்பனை எண்ணெய் வாடையோடு போய் நிற்பேன்.
ஒரு வாரம் யாருக்கோ சங்கிலி மாற்றிக்கொண்டிருந்தார்.
ஒரு வாரம் காது மெஷினைக் கழற்றி வைத்திருந்தார்.
ஒரு வாரம் ஆளே இல்லை,
கல்லாமேல் படுத்திருந்த பூனை மட்டும்
கணக்கு தெரிந்த மாதிரி என்னைப் பார்த்தது.
நான்காவது வாரம்
பை நிறைய ரம்புத்தான் கொடுத்தார்.
நல்ல தித்திப்பு.
தின்று முடிக்கும்வரை அவரைத் திட்ட முடியவில்லை.

இன்றைக்குத்தான் கணக்கு வந்தது,
பிரேக் பேட் அட்டையின் பின்பக்கத்தில்:
தொட்டியில் மஞ்சள் கறை எண்பது,
கதவு நிலையில் குங்குமம் ஐம்பது,
கக்கூஸ் ஃபிளஷ் எழுபது,
சாவி ஐந்து,
ஆணி ஓட்டை ஆறு, ஒன்று பத்து வீதம் அறுபது.

ஃபிளஷ் நாங்கள் குடிவந்த அன்றே ஒழுகிக்கொண்டிருந்தது.
சொன்னேன். காது மெஷினைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.
மஞ்சள் கறைக்கு என்னிடம் பதில் இல்லை.
நாலு வருஷம் அதில் மீன் கழுவியவள் நான்தான்.

ஆனால் அறுபது வெள்ளி கொடுத்து
ஓட்டை வாங்கிய ஆள்
கோலா கெட்டிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
ஆணிகளைப் பிடுங்கி மைலோ டின்னில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.
ஓட்டைகளை எதில் கொண்டுவருவது?

முதலாவதில் முருகன்.
இரண்டாவதில் காசனின் ஹெல்மெட்;
மழை நாளில் அதிலிருந்து சொட்டிய தண்ணீர்
சுவரில் ஏதோ ஒரு நாட்டின் வரைபடம் போட்டிருந்தது,
அதற்கு ஏனோ தவுக்கே காசு கேட்கவில்லை.
மூன்றாவதில் தர்வினாவின் பள்ளிப் பை.
நான்காவதில் கேஸ் கடைக் காலண்டர்.
ஐந்திலும் ஆறிலும் ஒன்றும் இல்லை.
துணிக்கொடி கட்ட அடித்தோம், சிமெண்டு உதிர்ந்தது,
உன்னாலே என்னாலே என்று சண்டை போட்டோம்,
விட்டுவிட்டோம்.
ஒரு சண்டைக்கு இருபது வெள்ளி.
மலிவுதான்.

எண்ணூற்று அறுபதை இரண்டு தடவை எண்ணி வாங்கிக்கொண்டு
பழைய சந்து வழியாகத் திரும்பினேன்.
வேறு வழியும் இருந்தது.

வீட்டில் விளக்கு எரிகிறது, கதவு திறந்து கிடக்கிறது.
கையுறை ஃபேக்டரி சட்டையோடு ஒரு நேப்பாளப் பையன்,
உள்ளே இன்னும் நாலு பேர்,
சோறு கொதிக்கும் சத்தம்.
சுவரில்
என் முருகன் தொங்கிய அதே ஓட்டையில்
அவனுடைய பசுபதிநாதர்.

அடைக்கவே இல்லை.
பத்து வெள்ளிக்கு நான் வாங்கியதை
அவனுக்கு இனாமாகக் கொடுத்திருக்கிறார் தவுக்கே.
போகும்போது விற்பார்.

முன்னே இங்கே இருந்தது நீங்களா என்று
அரைகுறை மலாயில் கேட்டான்.
என் மலாயும் அரைகுறைதான், அதனால் நன்றாகப் புரிந்தது.
பெயர் தேக் பகதூர்.
முன்பணம் எவ்வளவு என்றேன்.
ஆயிரத்து ஐந்நூறாம், தலைக்கு முந்நூறு.

காலி செய்த அன்று எடுத்த படங்கள்
கைப்பேசியில் இருந்தன, பதினேழு, தேதியோடு.
தொட்டி, நிலை, ஃபிளஷ், ஆறு ஓட்டைகளும் தனித்தனியாக.
அவன் நம்பரை வாங்கி அனுப்பினேன்.
ஒவ்வொன்றுக்கும் அவன் சட்டைப்பை ஒரு தடவை துடித்தது.
கடைசிப் படத்தில் வெறுந்தரையில் என் நிழல்
துடைப்பத்தோடு நின்றது.
அதையும் சேர்த்தே அனுப்பினேன்.

புது வீட்டில் முருகன்
இன்னும் அரிசி டின்மேல் சாய்ந்துதான் இருக்கிறார்.
சுத்தியல் எங்கே என்று காசன் தேடுகிறார்.
எனக்குத் தெரியும்.
இன்னும் சொல்லவில்லை.